மழை பெய்தால் பந்தயம் இல்லை

“ஃபோனைக் குடுப்பா.”

கேட்டேவிட்டாள் கெல்சி.

ஆஷ்பெக் ரோவர்ஸ் மைதானத்தின் உடுப்பு அறையில், சலவை மெஷினுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவே நின்றிருந்த கீத் ஹாவொர்த் மகளை நிமிர்ந்து பார்த்தார். பேன்ட்டைக் கழற்றிக் கொடு என்று கேட்டிருந்தால்கூட அந்த மனிதர் இவ்வளவு கூசியிருக்க மாட்டார்.

“எந்த ஃபோன்?”

“எத்தனை வெச்சிருக்க?”

“அரண்மனைக் குடும்பம் சீஃப், ஆளுக்கு நாலு இருக்கும்,” என்றான் வாசலில் சாய்ந்திருந்த நதீம்.

யாரும் சிரிக்கவில்லை. நதீமும் சிரிக்கவில்லை. பந்தயக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு வருஷம் உட்கார்ந்து, தோற்றவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வாய் வளர்ந்தவன் அவன். இப்போது கெல்சிக்கு உதவியாளன். சம்பளம் குறைவு, வாய் மட்டும் அதேதான்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவளுடைய முதலாளி, லீக்குக்காகப் பந்தய மோசடிகளைத் துப்பறியும் கம்பெனி நடத்தும் ஜூலியன் ஃபென்டிமன், மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். “உன் ஊருங்கிறதாலதான் இந்த கேஸை உன்கிட்ட தரேன், கெல்சி. யாரை வேணா கேளு. உங்கப்பாவை மட்டும் தொடாதே. ஃபோனை மட்டும் கேட்டுடாதே. சொந்த ரத்தம். கேஸ் நாறிடும்.” அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நல்ல உச்சரிப்பில் சொன்னால் எதுவும் நியாயமாகத்தான் படும்.

விஷயம் இதுதான். இங்கிலாந்துக் கால்பந்தில் ஆறாவது டிவிஷன் என்பது, மைதானத்துக்கு எதிர் வீட்டுக்காரன்கூட ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் இடம். ஆனாலும் அந்த ஆட்டத்துக்கும் பந்தயக் கடையில் ஒரு விலை உண்டு, கட்டிய காசுக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்று. ஆஷ்பெக்கின் விலையை ஏற்றி இறக்குவது ஒரே ஆள், கோல்கீப்பர் கானர். அவன் நின்றால் பந்து உள்ளே போகாது. அவனுக்குப் பதிலாக நிற்பவன், வரும் பந்தையெல்லாம் வாசலில் நின்று வரவேற்பான். இந்த சீசனில் ஆறு சனிக்கிழமை கானரின் தோள் மக்கர் பண்ணியது. ஆடுகிறானா இல்லையா என்று மேனேஜர் காலை எட்டு மணிக்குத் தோளை அழுத்திப் பார்த்து முடிவு செய்வார். ஊருக்குத் தெரிவது மதியம் இரண்டு மணிக்கு, அணிப் பட்டியல் வந்த பிறகுதான். ஆனால் அந்த ஆறில் நான்கு சனிக்கிழமைகளில், காலை பத்தரைக்கே எவனோ பக்கத்து ஊர்க் கடைகளில் ஆஷ்பெக் தோற்கும் என்று ரொக்கமாகக் கட்டி அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

எட்டு மணிக்கு விஷயம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர், வைத்தியர், கானர், மாற்று கோல்கீப்பர். நான்கு பேரும் ஃபோனைக் காட்டிவிட்டார்கள். சுத்தம். ஐந்தாவது ஆள், இருபத்திரண்டு வருஷமாக வீரர்களின் சட்டையும் பூட்ஸும் பார்த்துக்கொள்ளும் கீத் ஹாவொர்த்.

இன்று வெள்ளி. ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். ஃபென்டிமன் அதற்கும் வழி சொல்லியிருந்தார். “அவர் பேரை எழுதவே வேண்டாம். மத்த நாலு பேரும் சுத்தம்னு மட்டும் எழுது. லீக்குக்குப் புரியும்.”

புரியும். புரிந்ததும் கீத்தை வெளியே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் அவருக்கு ஒரு டம்ளர் பீர்கூட யாரும் வாங்கித் தர மாட்டார்கள்.

“கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொன்னியேம்மா,” என்றார் கீத்.

“சொன்னாங்க. குடு.”

கொடுத்தார். திரையில் மூலைக்கு மூலை விரிசல். பூட்டுகூட இல்லை. கெல்சி நின்றபடியே சனிக்கிழமைகளைத் தேடினாள். நதீம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

முதல் தேதி, காலை எட்டு இருபது: *கானர் இல்ல. கிளவுஸ் வேணாம்.*

இரண்டாவது தேதி: *கானர் இல்ல. கிளவுஸ் வேணாம்.*

ஆறு தேதிகளிலும் அதே வரி.

நதீம் மெதுவாக விசிலடித்தான். கெல்சியின் காது சூடானது. அந்த ஒரு நொடி அவள் தன் அப்பாவைத் திருடன் என்று நம்பினாள். அதன்பின் எத்தனை துப்புத் துலங்கியும் அந்த ஒரு நொடியை அவளால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

“யாருக்குப்பா இது?”

“உங்கம்மாவுக்குத்தான். வேற யாருக்கு?”

“அணி விஷயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே.”

“லின் வெளியாளா?” கீத்தின் குரல் ஏறி, உடனே இறங்கியது. “கானரோட கிளவுஸ மெஷின்ல போட்டா பாழாப் போயிடும். ஆடற அன்னிக்குக் காலைல வெதுவெதுன்னு தண்ணில கையால துவைச்சு, காத்துல விட்டு, முக்கால் ஈரத்தோட கொண்டுவந்து குடுக்கணும். அப்பதான் பந்து ஒட்டும்பான். உங்கம்மா கை பட்டாத்தான் ஆகும் அவனுக்கு. ஆடலேன்னா அவ எதுக்கு வீணா தண்ணில நிக்கணும்? அதான் சொல்லுவேன். இது குத்தமா?”

“குத்தம்தான்,” என்றாள் கெல்சி. சொன்ன வேகத்தில் அவளுக்கே நாக்கு கசந்தது.

கீத் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். மகள் பட்டம் வாங்கிய அன்று, அந்தப் பல்கலைக்கழக வாசலில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்ற அதே நிற்பு.

“சீஃப்,” என்றான் நதீம். “ஆறு தேதிலயும் உங்கம்மாவுக்குத் தெரியும். ஆனா பந்தயம் நாலு தேதிலதான். மிச்ச ரெண்டு வாரம் அவன் என்ன, சர்ச்சுக்குப் போயிட்டானா?”

“எந்த ரெண்டு?”

“மூணாவதும் அஞ்சாவதும்.”

கெல்சி மூன்றாவது தேதிக்குத் திரும்பினாள். அதே வரி. அதன் கீழே, இருபது நிமிஷம் கழித்து, இன்னொன்று: *மழை வருது. துணிய உள்ள எடுத்துடு.*

ஐந்தாவது தேதி: *ஊத்துது. கொடில எதுவும் போடாத.*

மற்ற நான்கில் மழையைப் பற்றிப் பேச்சே இல்லை.

“மழைக்குப் பயந்த சூதாடியா?” என்றான் நதீம். “எங்க கடைல பனிப்புயல்ல கம்பளிய போத்திக்கிட்டு வந்து நாய் ரேஸுக்குக் கட்டுவாங்க. இவனுக்கு என்ன, சளி பிடிக்குமா?”

“அவனுக்குச் சளி பிடிக்கல. மழைல அவனுக்குக் கண்ணு தெரியல.” கெல்சி ஃபோனை மூடினாள். “மழையா இருந்தாலும் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கட்டறவனுக்குத் தெரியல. அப்ப அவனுக்கு இவங்க யாரும் சொல்லல. அவன் பாக்கறான்.”

“எத?”

“மேட்ச் அன்னிக்குக் காலைல அம்மா கொடில டவலெல்லாம் போடுவாங்க. கானர் ஆடினா கூடவே கிளவுஸும் தொங்கும். டவல் இருந்து கிளவுஸ் இல்லேன்னா, கானர் இல்ல. மழை வந்தா கொடி காலி, ஒண்ணும் சொல்ல முடியாது.”

நதீம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். “ஆறாவது டிவிஷன் முழுக்க ரகசியத்த இரும்புப் பெட்டில வெச்சுப் பூட்டறாங்க. உங்கம்மா அத கிளிப் போட்டு மாட்டறாங்க.”

கீத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும், “அப்ப நான் இல்லயா?” என்றார். தன்னைப் பற்றியே அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததுபோல.

கெல்சி ஃபோனை அவர் கையில் திணித்தாள். வெளியே நடந்தாள்.

*

டார்லி தெருவின் பின்சந்தில் கார் நுழையாது. இரண்டு வரிசை வீடுகளின் பின்சுவர்கள் எதிரெதிராக நிற்கும். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொடி கட்டியிருக்கும். ஹாவொர்த் வீட்டுக் கொடியின் மறுமுனை, எதிர்ச்சுவரில், பெரில் க்ளெக் வீட்டுக் கொக்கியில்.

“சந்துக்கு ரெண்டு பக்கமும் கதவு. பூட்டு வேற,” என்றான் நதீம், ஆட்டிப் பார்த்துவிட்டு. “வெளியாள் நுழைஞ்சு பாக்க முடியாது. நாலு கடைலயும் விசாரிச்சேனே, ஒருத்தருக்கும் ஆளோட மூஞ்சி ஞாபகமில்ல. ஆனா நாலு பேரும் ஷூவப் பத்திச் சொன்னாங்க. பழுப்பு ஷூ, முன்னால குஞ்சம். எங்க கடைக்கு வர்றவங்க ஷூல நாக்குதான் தொங்கும் சீஃப், குஞ்சம் தொங்காது. இந்தச் சந்துல குஞ்சம் வெச்ச ஷூ யாருகிட்ட இருக்கு?”

“யாருகிட்டயும் இல்ல.” கெல்சி அண்ணாந்து பார்த்தாள். கொடி முழுசாகத் தெரியக்கூடிய மாடி ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், பெரில் வீட்டுடையது.

கதவைத் தட்டும் முன்பே திறந்தது. பெரில் க்ளெக், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இன்னும் குரலில் ஹாரன் இருக்கிறது.

“கெல்சியா! வா கண்ணு, வா. மெலிஞ்சிட்டியே, பட்டணத்துல சோறு போடறாங்களா இல்ல சர்டிபிகேட்டையே திங்கச் சொல்றாங்களா? இது யாரு, மாப்பிள்ளையா?”

“உதவியாளன்,” என்றான் நதீம். “மாப்பிள்ளைக்கு இதவிட மரியாதை இருக்கும்.”

தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. பிறகு பெரில் கேட்காமலே ஒரு சாக்லேட் டப்பாவைத் திறந்து நீட்டினார். தங்க நிற ரிப்பன் கட்டிய டப்பா. டார்லி தெருவில் யாரும் வாங்கக்கூடியதில்லை. அலமாரியில் அதே மாதிரி ஐந்து காலி டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

“நல்லாயிருக்கே,” என்றாள் கெல்சி. “யாரு வாங்கித் தந்தாங்க?”

“ஆராய்ச்சிக்காரரு.”

“என்ன ஆராய்ச்சி?”

பெரில் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது சந்துவரை கேட்டிருக்கும். “வடக்குப் பக்கம் துணி எப்படிக் காயுதுன்னு. சோப்புத் தூள் கம்பெனியாம். எங்க சந்துல எத்தனை கொடி இருக்கு, ஆனா உங்கம்மா கொடியத்தான் எடுத்தாங்க. நாட்டுலயே அவ்வளவு ஒழுங்கா துணி போடறவ இல்லையாம். சனிக்கிழமை காலைல ஒம்பதரைக்கு மேல இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பணும். அவ்வளவுதான். மாசம் ஒரு டப்பா.”

நதீம் பிஸ்கட்டை மென்றபடியே கேட்டான். “அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லக் கூடாதாம், கண்ணு. தெரிஞ்சா கொடிய வேற மாதிரி கட்டிடுவாளாம், ஆராய்ச்சி கெட்டுடுமாம். எனக்கு வயிறு வெடிக்குது. ஆறு மாசமா லின்ன பாக்கறப்பல்லாம் வாய கடிச்சுக்கிட்டு நிக்கறேன்.” பெரிலின் முகத்தில் பெருமை பொங்கியது. “நல்ல மனுஷன். தமாஷானவரு. வேற எது தெரியலேன்னாலும் பரவால்ல, பசு மட்டும் படத்துல தெளிவா விழணும்னாரு.”

“பசுவா?” என்றான் நதீம்.

“அந்த கோல்கீப்பர் கிளவுஸுதான். விரல் அஞ்சும் கீழ பாத்துத் தொங்குதில்ல, பருமனா, சொட்டுச் சொட்டா தண்ணி வேற. பசு மடி மாதிரி. ‘கொடில பசு நிக்குதா இல்லையா, அதத்தான் பாக்கணும்’னாரு. இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்கே தோணினதில்ல, போ!”

சத்தமாகச் சிரித்தார் பெரில். கெல்சி கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

டார்லி தெருவில் அந்தக் கையுறைகளைப் பசு என்று யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது வேலை, அப்பாவுக்கு அது பொறுப்பு. பசு என்று சொன்னவள் உலகத்திலேயே ஒருத்திதான். சொன்ன இடம், மான்செஸ்டரில் நாலாவது மாடியில் ஒரு கண்ணாடி அறை. எதிரே மூன்று பேர். நேர்முகத் தேர்வு. ‘தகவல் எப்படிக் கசியும் என்பதற்கு உன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் சொல்.’ கடன் வாங்கிய கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு அவள் சொன்ன உதாரணம், அம்மாவின் கொடியும் அதில் தொங்கும் பசுவும். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அந்தக் கதையை அவள் நினைத்ததே இல்லை.

“சீஃப்?” நதீம் அவள் முகத்தைப் பார்த்தான். “என்னாச்சு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க.”

“பெரில் ஆன்ட்டி,” என்றாள் கெல்சி. “அவரு எப்படி இருப்பாரு?”

“காட்டறேனே! என்னை யாரும் இதுவரைக்கும் ஆராய்ச்சி பண்ணினதில்ல பாரு, வாசல்ல வெச்சு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கிட்டேன். வேணாம் வேணாம்னாரு. அதுக்குள்ள அமுக்கிட்டேன்.”

ஃபோனை நீட்டினார். படத்தில் பாதி, பெரிலின் பல். மீதிப் பாதியில், தட்டைத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்ப முயன்று முடியாமல் போன ஒரு நெட்டை ஆள். வாசற்படியில் பழுப்பு ஷூ. முன்னால் குஞ்சம்.

நதீம் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கினான்.

“இது நம்ம சம்பளச் சீட்டுல கையெழுத்துப் போடற மூஞ்சியாச்சே.”

*

எதிர்ச்சுவர்க் கதவைத் திறந்தால் அம்மாவின் சமையலறை. லின் ஹாவொர்த் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைப் பகலில் மகள் ஏன் வந்தாள், பெரில் வீட்டில் அரை மணி நேரம் என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். பதில் வராதபோது முதுகைக் காட்டிக்கொண்டு துலக்கினார்.

கெல்சி மேஜையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும். பி.எஸ்சி. புள்ளியியல், முதல் வகுப்பு. ஒரு வாக்கியம் வரவில்லை.

“உங்கப்பா ஃபோனக் கேக்கக் கூடாதுன்னு முதலாளி ஏன் சொன்னாருன்னு இப்பல்ல தெரியுது,” என்றான் நதீம், தணிந்த குரலில். “ஃபோனப் பாத்தா மழை தெரிஞ்சிடும். மழை தெரிஞ்சா கொடி தெரிஞ்சிடும். பாக்கலேன்னா, பழி நேரா உங்கப்பா தலைல. முதலாளி கைய கழுவிக்கிட்டு, லீக்குகிட்ட ஃபீஸும் வாங்கிக்கிட்டு—”

மேஜையில் இருந்த கெல்சியின் ஃபோன் அடித்தது. ஃபென்டிமன்.

நதீம் தன் ஃபோனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி அருகே வைத்தான். கெல்சி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“கெல்சி! அறிக்கை எங்கம்மா? மணி மூணாகுது. அப்பாவத் தொடலைல்ல?”

“தொட்டேன். ஃபோனப் பாத்தேன்.”

மறுமுனையில் ஒரு மூச்சு.

“ஏமாத்திட்டியே. எவ்வளவு நம்பினேன் உன்ன.”

“பெரில் க்ளெக் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. சாக்லேட் பிரமாதமாம்.”

ஃபென்டிமன் சிரித்தார். அந்தக் கண்ணாடி அறையில் சிரித்த அதே சிரிப்பு. அன்று அதை அவள் அன்பு என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி. எழுது. என் பேர எழுது. எழுதினா லீக்குல முதல் கேள்வி என்ன கேப்பாங்க? இந்த ஆளுக்குக் கொடியப் பத்தி எப்படித் தெரியும்னு கேப்பாங்க. யாரு சொன்னா? கிளப் ஊழியரோட மகள். விதிப்படி முதல் கசிவு நீ, கெல்சி. நானில்ல. இந்தத் தொழில்ல இனிமே எவன் உன்ன வாசல்ல சேர்ப்பான்?”

“நான் உதாரணமாத்தான் சொன்னேன்.”

“உதாரணமா? அடேயப்பா, நடிச்சே காட்டினியே. உங்கம்மா மாதிரி இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, அந்த வடக்கத்திப் பேச்ச இழுத்து இழுத்து, ‘எங்க கானரு பசு இன்னிக்குப் பாலு தருமாடி’ன்னு. நாங்க மூணு பேரும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சோம். அதுக்காகத்தான உன்ன எடுத்தோம். மார்க்குக்குன்னா நினைச்ச?”

தொட்டியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“யோசிச்சு அனுப்பு. அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு,” என்றார் ஃபென்டிமன், அன்பாக. வைத்துவிட்டார்.

நதீம் பதிவை நிறுத்தினான். எழுந்து, கொல்லைக் கதவுப் பக்கம் போய், வெளியே பார்த்தபடி நின்றுகொண்டான்.

லின் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“பசுன்னா சொன்ன?”

“ஆமாம்மா.”

“என் குரல்லயா?”

கெல்சி தலையை ஆட்டினாள்.

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“ம். அப்ப நல்லாத்தான் பேசியிருக்க.”

திட்டியிருக்கலாம். துண்டை எடுத்து முகத்தில் வீசியிருக்கலாம். டார்லி தெருவில் பெண்கள் அதற்கெல்லாம் அஞ்சியவர்கள் இல்லை. லின் செய்யவில்லை. கெல்சிக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி பொறுக்கவில்லை. இந்த வீட்டில் பிறந்ததற்காகப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் வெட்கப்பட்டிருக்கிறாள். அப்பாவின் வேலையைக் கேட்டால் ‘விளையாட்டுத் துறை’ என்று சொல்லியிருக்கிறாள். அம்மா ஃபோனில் அழைத்தால் நடைபாதைக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். அந்த வெட்கமெல்லாம் காலணா பெறாது. இதுதான் அசல்.

“மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட எனக்கு—”

“வேணாம்,” என்றார் லின். “அப்பாகிட்ட மட்டும் அந்தப் பேச்ச சொல்லாத. கசிஞ்சது, பிடிச்சது, அத்தனையும் சொல்லு. நான் எப்படிப் பேசுவேன்னு நீ செஞ்சு காட்டினத மட்டும் சொல்லாத. அவரு தாங்க மாட்டாரு.”

கெல்சி மடிக்கணினியைத் திறந்தாள். நதீம் திரும்பி வந்து அவளருகே குனிந்தான்.

“சீஃப், நான் ஒண்ணு சொல்லட்டுமா? படம் இருக்கு. பதிவு இருக்கு. ஷூ இருக்கு. பதிவ முதல் அரை நிமிஷத்தோட வெட்டிடலாம். ‘ஃபென்டிமனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல’ன்னு எழுதுங்க. பெரில் பாத்துச் சொல்லியிருக்கலாம், யாரு கண்டா? அந்தாளு மாட்டுவான், உங்கப்பாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போகும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வரி, சீஃப். ஒரே ஒரு வரி எழுதாம விடறது.”

“எழுதாம விட்டா, பெரில் தலைல விழும்.”

“ஒரு வாரம் விழும். அந்தம்மா பஸ்ஸையே தாங்கினவங்க.”

“அப்பா தலைலயும் இப்படித்தான் எழுதாம விட்டு ஏத்தப் பாத்தான் அவன்.”

நதீம் நிமிர்ந்தான்.

அவள் தட்டினாள். அறிக்கையில் முதலில் வர வேண்டியது வழக்கின் சுருக்கம். அவள் அதை இரண்டாவதாக வைத்தாள். முதல் வரியில் இருந்தது இதுதான்: *ஆஷ்பெக் ரோவர்ஸ் அணித் தகவலை வெளியாருக்கு முதலில் சொன்னவர், இந்த அறிக்கையை எழுதும் கெல்சி ஹாவொர்த். வேலை கிடைப்பதற்காகச் சொன்னார்.*

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ‘தெரியாமல்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாம். விரல் பொத்தான்மேல் நின்றது. தெரியாமல் இல்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அப்போதே தெரியும். சேர்க்கவில்லை.

லின் மேஜைக்கு வந்து, கண்ணாடி போடாமல், திரையைப் பார்த்தார். எவ்வளவு படித்தார் என்று தெரியவில்லை.

“இத அவனுக்கா அனுப்பப் போற?”

“இல்லம்மா. லீக் ஆபீஸுக்கு. நேர்ல கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். கம்பெனி மெயில்ல அனுப்பினா அவன் கை படும்.”

“வேலை போயிடுமில்ல?”

“போயிடும்.”

“கடன் வாங்கிப் படிச்சது?”

“கட்டுவேன். எங்கயாவது கணக்கு சொல்லிக் குடுப்பேன். பஸ் ஓட்டுவேன்.”

லின் ‘போகாதே’ என்று சொல்லவில்லை. ‘போ’ என்றும் சொல்லவில்லை. கெல்சி அந்த முகத்தில் ஒரு அடையாளம் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம்தான் என்று பட்டது.

மூன்று முப்பத்தைந்து ரயிலுக்கு இன்னும் பதினோரு நிமிஷம். மடிக்கணினியைப் பைக்குள் தள்ளினாள். கோட்டை மாட்டினாள்.

“சீஃப், நில்லுங்க. நானும் வரேன்,” என்றான் நதீம், தொப்பியைத் தேடிக்கொண்டே. “எனக்கும் இன்னியோட வேலை போச்சு. பயணப்படிய யாருகிட்ட கேக்கறதுன்னுதான் தெரியல.”

அவள் நிற்கவில்லை. முன்கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். பை தோளில் வழுக்கியது. ஏற்றிவிட்டுக்கொண்டு, வேகத்தைக் கூட்டினாள்.